‘வாங்காதீர்கள்’ என்பதற்குக் கீழே ஒரு பட்டன்

அலுவலகத்தில் அவரை எல்லோரும் பிரிண்டர் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். தொழில்நுட்பச் செய்திகளும் பொருள் விமர்சனங்களும் வெளியிடும் ஓர் இணையதளத்தின் அலுவலகம் அது. கைப்பேசியைப் பற்றி எழுத நாலைந்து பேர் அடித்துக்கொள்வார்கள். கேமராவுக்கு ஆள் உண்டு, ஹெட்போனுக்கு ஆள் உண்டு. பிரிண்டர் என்றால் மட்டும் எல்லோருக்கும் திடீரென்று வேறு வேலை வந்துவிடும். யாரும் சீண்டாத அந்தப் பொருளை மனமுவந்து எடுத்துக்கொண்டவர் அக்கா ஒருவர்தான்.

அதற்கு முன்னால் அவர் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தார். அங்கே பொதுப் பிரிண்டர் அவருடைய மேஜைக்குப் பக்கத்தில் இருந்தது. அவர் செய்த பாவம் அவ்வளவுதான். காகிதம் சிக்கினாலும், மை மங்கினாலும், பாதிப் பக்கம் வந்து மீதி வராமல் நின்றாலும், பிள்ளை அழுதால் தாயைப் பார்ப்பதுபோல எல்லோரும் அவரைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். சில வருடங்களில் அந்த இயந்திரத்தின் குணமெல்லாம் அவருக்கு அத்துப்படியாகிவிட்டது. பிறகு புதிதாக ஒன்று வாங்கவேண்டி வந்தபோது இந்த இணையதளத்தின் சிபாரிசைப் படித்து வாங்கினார்கள். அது வந்த வாரமே காகிதத்தை மென்று துப்பியது. எரிச்சலில் அக்கா அந்தக் கட்டுரையின் கீழே ஒரு பின்னூட்டம் போட்டார்: “இதை எழுதியவர் பிரிண்டரைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்தாரா?”

ஆசிரியர் பதில் எழுதினார்: “எடுக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். நீங்கள் வந்து எடுக்கிறீர்களா?”

அப்படித்தான் வேலை கிடைத்தது.

மூன்றாவது மாடியில், உடைந்த நாற்காலிகள் போட்டுவைத்திருந்த ஜன்னலில்லாத அறையை ஒழித்துக் கொடுத்தார்கள். நான்காவது மாடியில் ஓர் உடற்பயிற்சிக்கூடம் இருந்தது. அங்கே யாராவது எடையைத் தொப்பென்று கீழே போட்டால், இங்கே அச்சாகிக்கொண்டிருக்கும் மெல்லிய கோடு லேசாக நெளியும். நெளிந்தது பிரிண்டரின் கோளாறா, மேல்மாடிக்காரனின் கோளாறா என்று தெரியாததால் அக்கா அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். ஒரே பக்கத்தை ஒவ்வொரு பிரிண்டரிலும் அடித்துப் பார்ப்பார். பொடி எழுத்து, ஒரு குழந்தையின் முகம், பாதி கறுப்பு பாதி சாம்பல். பிறகு இயந்திரத்தை அணைத்துச் சில வாரம் தொடாமல் வைத்துவிட்டு, மை காய்ந்துபோயிருக்கிறதா என்று பார்ப்பார். வீட்டில் யார்தான் தினமும் அச்சடிக்கிறார்கள்?

முதல் நாளே ஆசிரியர் அவருக்கு ஒரு விஷயத்தைப் புரியவைத்தார். நரைத்த தாடியும், எந்நேரமும் நெற்றிமேல் ஏற்றிவிட்ட கண்ணாடியுமாக இருந்த அவர், பழைய பத்திரிகைக்காரர்.

“இந்தத் தளம் எதுல ஓடுதுன்னு தெரியுமாம்மா? கட்டுரையில ஒரு லிங்க் இருக்கும். படிக்கிறவங்க அத அழுத்தி, ஆன்லைன் கடைக்குப் போய் வாங்கினா, கடைக்காரன் நமக்குக் கொஞ்சம் கமிஷன் தர்றான். வாங்குறவங்களுக்கு விலை கூடாது.”

“அப்ப எல்லாத்தையும் நல்லதுன்னு எழுதத்தான் தோணும், சார்.”

“அதுக்குத்தான் நடுவுல ஒரு சுவர் வெச்சிருக்கோம். எந்த லிங்க்ல எவ்வளவு வருதுன்னு எழுதுறவங்களுக்குத் தெரியக்கூடாது. லிங்க் போடுறவங்க நீ என்ன எழுதணும்னு வாயைத் திறக்கக்கூடாது. நீயும் அவங்க வேலையில தலையிடக்கூடாது. முதலாளி கையெழுத்துப் போட்ட விதி இது.”

அக்காவுக்கு அந்த விதி ரொம்பப் பிடித்துப்போனது. உறவினர் வீடுகளில் யாராவது, “உனக்கென்ன, கம்பெனிக்காரன் பிரிண்டரா கொண்டுவந்து கொட்டுவான்” என்று ஆரம்பித்தால், அக்கா கையிலிருக்கும் காபியை ஆறவிட்டுவிட்டு அந்தச் சுவரைப் பற்றி விளக்குவார். சோதனை முடிந்ததும் பிரிண்டர் திரும்பிப் போய்விடும், பெட்டிக்குள் இருந்த தெர்மாகோல்கூட மிஞ்சாது என்பார். கேட்பவர்கள் தலையாட்டுவார்கள். பிறகு, “சரி, பழசு ஏதாவது இருந்தா நமக்கு ஒண்ணு பாரு” என்பார்கள்.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப்பக்கம் லிங்க் போடும் பிரிவு. அங்கே இருந்தவருக்குப் பட்டன் சார் என்று பெயர். கட்டுரை வெளியானபின் படித்துப் பார்த்து, எழுதியவர் நல்லது என்று சொன்ன பொருளுக்கு மட்டும் கீழே ஒரு பட்டன் வைப்பார். இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா. சாந்தமான மனிதர். காபி இயந்திரத்துக்கு முன்னால் அக்காவும் அவரும் சந்தித்தால் பிள்ளைகளைப் பற்றிப் பேசுவார்கள், மழையைப் பற்றிப் பேசுவார்கள். வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். இருவருக்குமே அதில் ஒரு கர்வம்.

இதெல்லாம் முதலாளி ஒரு மென்பொருள் வாங்கி வரும்வரை.

கட்டுரையில் எந்தப் பொருளின் பெயர் வந்தாலும் அந்த மென்பொருள் தானாகவே கண்டுபிடித்து, கீழே ஒரு பட்டனை ஒட்டிவிடும். பட்டன் சாருக்கு வேலை மிச்சம். நல்லது என்று எழுதியிருக்கிறதா, கெட்டது என்று எழுதியிருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. பெயர் தெரியும், அவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில்தான் அந்த வெள்ளைப் பிரிண்டர் வந்தது. பார்க்க அழகாக, கைக்கு அடக்கமாக இருந்தது. விலையும் மலிவு. அக்கா பெட்டியைப் பிரித்தபோது முகம் மலர்ந்தது. பத்தே நாளில் வாடிவிட்டது. பெட்டியோடு வரும் மை கண்ணை மூடித் திறப்பதற்குள் தீர்ந்தது. புது மை வாங்கப் போனால் ஏறக்குறைய புதுப் பிரிண்டர் விலை. நீல மை தீர்ந்தால் கறுப்பு எழுத்தும் வராது. அது போகட்டும், ஸ்கேன் செய்யவே மறுத்தது. “ஸ்கேன் பண்ண உனக்கு எதுக்குடா நீல மை?” என்று அக்கா அந்த இயந்திரத்தைப் பார்த்துச் சத்தமாகவே கேட்டார். அடுத்த அறையிலிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

எழுதினார். சுற்றிவளைக்காமல், ஒவ்வொன்றையும் படம் எடுத்துப் போட்டு எழுதினார். கடைசி வரி: “இதை வாங்காதீர்கள்.”

கட்டுரை வெளியானது. அந்தக் கடைசி வரிக்கு நேர் கீழே பளபளவென்று ஆரஞ்சு நிறத்தில் ஒரு பட்டன்: “இப்போதே வாங்குங்கள்.”

பின்னூட்டங்கள் வந்து குவிந்தன. “வாங்காதேன்னு சொல்லிட்டு வாசல்லயே கடை விரிச்சிருக்கீங்களே?” என்றார் ஒருவர். “நல்லா இல்லன்னு சொன்னாலும் கமிஷன், நல்லா இருக்குன்னு சொன்னாலும் கமிஷன். பொழைக்கத் தெரிஞ்சவங்க” என்றார் இன்னொருவர். அக்காவுக்கு முகத்தில் அறைந்ததுபோல் இருந்தது. நேராக ஆசிரியர் அறைக்குப் போனார்.

“சார், அந்தப் பட்டன எடுக்கச் சொல்லுங்க.”

ஆசிரியர் கண்ணாடியை இறக்கித் திரையைப் பார்த்தார். முகம் சுளித்தார். பிறகு கண்ணாடியை மறுபடி நெற்றிக்கு ஏற்றினார்.

“அசிங்கமாத்தான் இருக்கு. ஆனா நான் சொல்ல முடியாதேம்மா.”

“ஏன் சார்?”

“பட்டன் அவங்க பக்கம். இன்னைக்கு நான் போய் எடுன்னு சொன்னா, நாளைக்கு அவங்க வந்து இந்த வரிய எடுன்னு சொல்வாங்க. சுவர்னா ரெண்டு பக்கமும் சுவர்தான்.”

அக்கா வெளியே வந்து, காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் பட்டன் சார் வரும்வரை நின்றார். வந்தார்.

“சார், ஒரே ஒரு விஷயம்.”

“அக்கா, வேலை விஷயமா?” பட்டன் சார் சுற்றுமுற்றும் பார்த்தார். “வேண்டாம் அக்கா. எனக்கும் பாத்ததும் சங்கடமாத்தான் இருந்துச்சு. ஆனா இப்ப நான் எதையும் வைக்கிறதும் இல்ல, எடுக்கிறதும் இல்ல. பேர் இருந்தா அது தானா ஒட்டிக்குது.”

“பேர் இல்லன்னா?”

“பேர் இல்லன்னா ஒட்டாது” என்று சொன்னவர், சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டதுபோல் காபியைக்கூட எடுக்காமல் போய்விட்டார்.

அக்கா தன் அறைக்குப் போய்க் கட்டுரையைத் திறந்தார். பிரிண்டரின் பெயர் வரும் இடங்களிலெல்லாம் ஓர் எழுத்தை மாற்றினார். ‘ர’ இருந்த இடத்தில் ‘ற’ போட்டார். கீழே பட்டன் காணாமல் போனது. அன்று மதியம் அவர் நிம்மதியாகச் சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் பட்டன் மறுபடி அங்கேயே உட்கார்ந்திருந்தது. பிழைதிருத்தும் பெண் எழுத்துப்பிழைகளையெல்லாம் ஒன்றுவிடாமல் திருத்திவிட்டிருந்தாள். “அக்கா, நீங்க இப்படித் தப்பு விடமாட்டீங்களே, உடம்பு சரியில்லையா?” என்று விசாரிக்க வேறு வந்தாள். அக்கா தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அடுத்து பெயரையே எடுத்துவிட்டு ‘அந்த வெள்ளைப் பிரிண்டர்’ என்று எழுதிப் பார்த்தார். பட்டன் போனது. கூடவே படிப்பவர்களும் போனார்கள். பெயர் இல்லாத பொருளைத் தேடி யார் வருவார்கள்? எந்தப் பிரிண்டரை வாங்கக்கூடாது என்று தெரியாமல் ஒருவர், “எங்க வீட்ல இருக்கிறதும் வெள்ளைதான், தூக்கிப் போட்டுடவா?” என்று கேட்டிருந்தார். பெயர் திரும்பி வந்தது. பட்டனும் வந்தது.

வீட்டில் கணவரிடம் புலம்பினார். கணவருக்குச் சொந்தமாக ஒரு சின்ன மூக்குக்கண்ணாடிக் கடை. அவரே கண்ணைச் சோதிப்பார், அவரே கண்ணாடியும் விற்பார். கண்ணாடிச் சட்டம் ஒன்றின் குட்டித் திருகாணியை முடுக்கிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

“நான் ரெண்டையும் ஒரே கடையில பண்றேன். யாரும் என்னைச் சந்தேகப்பட்டதில்லையே.”

“நீங்க எத்தனை பேரைக் கண்ணாடி வேண்டாம்னு திருப்பி அனுப்பியிருக்கீங்க?”

அவர் கொஞ்சம் யோசித்தார். “இருக்காங்க. நிறைய இல்ல. ஆனா அப்படி அனுப்பும்போது நானே வாசல் வரைக்கும் போய் வழியனுப்பிட்டு வருவேன். உங்க தளத்துல வேண்டாம்னு சொல்லிட்டுக் கையைப் பிடிச்சு உள்ளே இழுக்குது.”

“அதத்தாங்க நானும் கத்திக்கிட்டிருக்கேன்!”

“என்கிட்ட கத்தி என்ன பண்றது?” என்றார் கணவர். அது நியாயம்தான். ஆனாலும் அன்று அக்காவுக்கு அவர்மேலும் கோபம் வந்தது.

அடுத்த விடுமுறை நாளில் அண்ணன் போன் செய்தார். அக்காவின் அண்ணன் வீட்டிலேயே மாணவர்களுக்குக் கணக்குப் பாடம் எடுப்பவர். “ஒரு நடை வந்துட்டுப் போயேன், புதுப் பிரிண்டர் வாங்கினேன், படுத்துது” என்றார். அக்கா போனார். கூடத்து மேஜைமேல், கரும்பலகைக்குக் கீழே, அந்த வெள்ளைப் பிரிண்டர் உட்கார்ந்திருந்தது. சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்தது.

அக்கா செருப்பைக் கழற்ற மறந்து நின்றார்.

“இத எங்கே பாத்து வாங்கினே?”

“உன் கட்டுரையிலதான். நம்ம தங்கச்சி வேலை பாக்கற இடமாச்சே, அங்கேயே வாங்குவோம்னு வாங்கினேன்.”

“படிச்சியா?”

“முழுசா எங்கே படிக்க? உன் பேர் போட்டிருந்துச்சு. பிரிண்டர் படம் இருந்துச்சு. கீழே இப்போதே வாங்குங்கள்னு இருந்துச்சு. அழுத்தினேன்.”

“அந்தப் பட்டனுக்கு மேல ஒரு வரி இருந்துச்சே அண்ணா!”

“வரியா? எந்த வரி?”

அண்ணி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். “அவர் எப்பவுமே அப்படித்தான். விடையைப் பாத்துட்டுக் கணக்கைப் போடுற பசங்களைத் திட்டுவாரு, இவர் மட்டும் கடைசிக்குத் தாவிடுவாரு.”

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. திருப்பித் தரும் கெடு முடிந்துவிட்டிருந்தது. நீல மை தீர்ந்துதான் நின்றிருந்தது. அன்று முழுக்க அந்தக் கூடத்தில் உட்கார்ந்து ஏதேதோ செய்து பார்த்தார். ஒன்றும் வேலைக்காகவில்லை. கடைசியில் அண்ணன், “போகட்டும் விடு, புது மை வாங்கிப் போட்டுக்கறேன். உனக்கு ஏதோ கமிஷன் கிடைச்சிருக்குமில்ல, அதுவே எனக்குச் சந்தோஷம்” என்றார். பாசத்தோடுதான் சொன்னார். அக்கா, “எனக்கு ஒண்ணும் கிடைக்காது அண்ணா” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அண்ணன் அதை நம்பியதாகத் தெரியவில்லை.

மாதாந்திரக் கூட்டத்தில் அது இன்னும் மோசமானது. முதலாளி இளைஞர், நின்றுகொண்டே பேசுவார், நடந்துகொண்டே யோசிப்பார். அன்று உற்சாகமாக இருந்தார்.

“எல்லாரும் கைதட்டுங்க. இந்த மாசம் நம்ம தளத்துலயே அதிகம் சம்பாதிச்ச பக்கம் எது தெரியுமா? அக்காவோட பிரிண்டர் கட்டுரை!”

சிலர் தட்டினார்கள். பட்டன் சார் கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தார். ஆசிரியர் மெதுவாக எழுந்தார்.

“சார், எழுதுறவங்களுக்கு இது தெரியக்கூடாது.”

“நல்ல விஷயம்தானே சார், பாராட்டக்கூட கூடாதா?”

அக்கா எழுந்து நின்றார். அவருக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை.

“அது வாங்காதீங்கன்னு எழுதின கட்டுரை சார். நான் வாங்காதீங்கன்னு எழுதினதுல இத்தனை பேர் வாங்கியிருக்காங்கன்னா, அது எனக்குப் பாராட்டு இல்ல. என் அண்ணனே வாங்கிட்டு உக்காந்திருக்காரு. வாங்காதீங்கன்னு முடியற கட்டுரைக்குக் கீழே பட்டன் வேண்டாம். இந்த ஒண்ணு மட்டும் கேக்கறேன்.”

மேல்மாடியில் யாரோ எடையைக் கீழே போட்டார்கள்.

“புரியுது அக்கா, புரியுது” என்றார் முதலாளி. நடந்தார், யோசித்தார். “நான் பாத்துக்கறேன்.”

பார்த்துக்கொண்டார். அடுத்த நாள் அந்தப் பட்டன் போய்விட்டது. அந்த இடத்தில் வேறொரு பட்டன் வந்திருந்தது: “அதற்குப் பதிலாக இதை வாங்குங்கள்.” அக்கா முன்பு எப்போதோ நன்றாக இருக்கிறது என்று எழுதிய, வேறு நிறுவனத்தின் விலை அதிகமான பிரிண்டர் அது. இப்போது பின்னூட்டங்களின் தொனியே மாறியது. “ஓ, இதை விக்கத்தான் அதைத் திட்டினீங்களா?” “நினைச்சேன். ஒருத்தனை இவ்வளவு திட்டினா இன்னொருத்தன்கிட்ட காசு வாங்கியிருக்கணும்.” முன்பு தளத்தைத்தான் பிழைக்கத் தெரிந்தது என்று கேலி செய்தார்கள். இப்போது அவரையே திருடி என்று நினைத்தார்கள். அவர் நேர்மையாகச் சோதித்து, நேர்மையாகப் பாராட்டிய நல்ல பிரிண்டரும் சேர்ந்து கெட்டுப்போனது.

மூன்று நாள் அக்கா யாரோடும் சரியாகப் பேசவில்லை. வேலையை விட்டுவிடலாமா என்று கணவரிடம் கேட்டார். “விட்டுட்டா அந்தப் பட்டன் போயிடுமா?” என்று அவர் திருப்பிக் கேட்டார். போகாது. அவருடைய பெயரோடு, அவருடைய படங்களோடு அந்தக் கட்டுரை அங்கேயேதான் இருக்கும்.

பிறகு அவர் உட்கார்ந்து, அந்தக் கட்டுரையின் கடைசியில் புதிதாக ஒரு பத்தி எழுதினார்.

“இதற்குக் கீழே ஒரு பட்டன் இருக்கும். அதை நான் வைக்கவில்லை. எடுக்கச் சொல்லிக் கேட்டேன். எடுக்கும் அதிகாரம் எனக்கு இல்லை. அதை அழுத்தி நீங்கள் எதையாவது வாங்கினால் எங்கள் தளத்துக்குக் கமிஷன் வரும். மேலே எழுதியிருப்பதை நான் அந்தப் பணத்துக்காக எழுதவில்லை. ஆனால் அதை நம்புங்கள் என்று கேட்கும் நிலையில் நான் இப்போது இல்லை. அவசரம் இல்லையென்றால் எந்தப் பிரிண்டரையும் வாங்காதீர்கள். பக்கத்துக் கடையில் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.”

ஆசிரியருக்கு அனுப்பிவிட்டு, அவர் கூப்பிடுவார் என்று காத்திருந்தார். கூப்பிட்டார். அக்கா போனபோது அவர் கண்ணாடியை மூக்கில் சரியாகப் போட்டுக்கொண்டு படித்துக்கொண்டிருந்தார்.

“இதுல ஓர் இடத்துல ஒற்று விட்டுப்போச்சும்மா. திருத்திட்டேன்.”

“வேற ஒண்ணும் இல்லையா சார்?”

“வேற என்ன? உண்மைதானே எழுதியிருக்கே” என்று சொல்லிவிட்டு அவரே வெளியிட்டார்.

கொஞ்ச நேரத்தில் முதலாளியின் போன் வந்தது. ஆசிரியர் ஒலிபெருக்கியில் போட்டார். வேண்டுமென்றே போட்டாரா, பட்டன் மாறி அழுத்தினாரா என்று அக்காவுக்குத் தெரியாது.

“சார், அந்தப் பத்திய உடனே எடுங்க. நம்ம தளத்துலயே நம்மளப் பத்தி இப்படியா எழுதுவாங்க?”

“எடுக்க முடியாது சார்.”

“என்னது?”

“கட்டுரையில என்ன இருக்கணும்னு பட்டன் பக்கத்துலேர்ந்து யாரும் சொல்லக்கூடாது. நீங்க கையெழுத்துப் போட்ட விதி.”

“நான் முதலாளி சார்!”

“ஆமா சார். வருமானத்தப் பாக்கறவர் நீங்க. அப்ப பட்டன் பக்கம்தான்.”

போன் கட் ஆனது. ஆசிரியர் மேஜைமேல் இருந்த தண்ணீரைக் குடித்தார். “இந்த வயசுல வேற வேலை தேடணும்னா கஷ்டம்மா” என்றார். பிறகு, “பரவாயில்ல, போ. போய் வேலையைப் பாரு” என்றார்.

யாரையும் வேலையிலிருந்து நீக்கவில்லை. அந்தப் பத்தியை யாரோ படம் பிடித்துப் பரப்பிவிட்டார்கள். ஊர் பூராவும் சிரித்தது. சிலர் பாராட்டினார்கள், சிலர், இதுவும் ஒரு விளம்பர தந்திரம்தான், நேர்மையை விற்கிறார்கள் என்றார்கள். அந்தப் பக்கத்தில் மட்டும் பட்டன் சத்தமில்லாமல் எடுக்கப்பட்டது. அதற்கு மறுவாரம் முதலாளி தன் பெயரில் ஒரு நீண்ட குறிப்பு எழுதினார். வாசகர்களின் நம்பிக்கையே எங்கள் மூலதனம், எதிர்மறை விமர்சனங்களுக்குக் கீழே இனி வாங்கும் பட்டன் இருக்காது, இந்த முடிவைத் தான் நெடுநாளாகவே யோசித்து வந்ததாக எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டு அக்கா எழுந்துபோய் ஒரு பிரிண்டரில் சிக்கியிருந்த தாளை இழுத்தார். தாள் பாதியில் கிழிந்தது.

ஆனாலும் ஏதோ கிடைத்தது. கட்டுரையைப் பதிவேற்றும் இடத்தில் ஒரு கட்டம் வைத்துக்கொடுத்தார்கள். அதில் குறியிட்டால் பட்டன் வராது. அக்கா சில மாதம் குறியிட்டார், பட்டன் வரவில்லை. பிறகு தளத்தின் தோற்றத்தைப் புதுப்பித்தார்கள். புதுத் தோற்றத்தில் அந்தக் கட்டத்தைக் காணோம். பழைய கட்டுரைகள் எல்லாவற்றிலும் பட்டன்கள் மறுபடி முளைத்தன. இப்போது ஆரஞ்சு இல்லை, பச்சை. கேட்டால், “அடுத்த மாசம் சரிபண்ணிடறோம் அக்கா” என்றார்கள். அடுத்த மாதம் கேட்டால் அதற்கடுத்த மாதம் என்றார்கள். இப்போது ஒவ்வொரு கூட்டத்திலும் கடைசியாக, “வேற ஏதாவது?” என்று முதலாளி கேட்பதற்கு முன்னாலேயே எல்லோரும் அக்காவைப் பார்க்கிறார்கள். பட்டன் சார் மட்டும் பார்ப்பதில்லை. சில சமயம் ஒரு பச்சைப் பட்டன் தானாகக் காணாமல் போகிறது. யார் எடுத்தது என்று அக்கா கேட்பதில்லை. காபி இயந்திரத்துக்கு முன்னால் அவர்கள் இன்னமும் மழையைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

அக்கா அந்த வேலையில்தான் இருக்கிறார். போன வாரம் ஒரு புதுப் பிரிண்டர் வந்தது. கனமாக, அழகில்லாமல், பழைய காலத்து இரும்புப் பெட்டிபோல இருந்தது. எத்தனை நாள் அணைத்து வைத்தாலும் எழுப்பியவுடன் எழுந்தது. பொடி எழுத்து பிசிறில்லாமல் வந்தது. ஒரு நிறம் தீர்ந்தாலும் மற்ற நிறங்களோடு முணுமுணுக்காமல் வேலை செய்தது. இத்தனை வருடத்தில் இப்படி ஒன்றை அவர் பார்த்ததில்லை.

கட்டுரையை எழுதிக் கடைசிக்கு வந்தார். “தாராளமாக வாங்கலாம்” என்று அடித்தார். அடித்துவிட்டுப் பார்த்தார். கடைக்காரன் கூவுவதுபோல் இருந்தது. அழித்தார். “குறை சொல்ல ஒன்றுமில்லை” என்று அடித்தார். அதுவும் காசு வாங்கிக்கொண்டு எழுதியதுபோல் தெரிந்தது. அதையும் அழித்தார். சொல்லலாம் என்று ஒரு குறையைத் தேடினார். இல்லாத குறையை எப்படி எழுதுவது?

“திட்டறதுக்காவது நிம்மதியா திட்டிடலாம் போல” என்று அந்தப் பிரிண்டரிடம் சொன்னார். பிறகு “வாங்கலாம்” என்ற ஒற்றைச் சொல்லை அடித்து, முற்றுப்புள்ளி வைத்து, கீழே என்ன வரப்போகிறது என்று பார்க்காமலே கணினியை மூடினார்.